கூரை திறக்கிற காருக்குப் புது ஹூட்: மாரிக்கு முந்தி நாமளே மாட்ட ஏலுமா?

கல்லடிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கார் 1992ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர், 1600 எஞ்சின். அதாவது மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை, ஜப்பானில் விற்ற பெயரோடு வந்தது. கறுப்பு வைனில் ஹூட் (மடிக்கிற கூரை), பின்னுக்குச் சிப் வைத்த பிளாஸ்ரிக் ஜன்னல்.

இப்போதைய நிலை: ஜன்னல் மஞ்சளடித்து மங்கிவிட்டது. சிப் ஓடுகிற தையல் வலப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப்போச்சு. சாரதிப் பக்கக் கண்ணாடிக்கு மேலே துணி தொய்ந்து, 60இல் போனாலே படபடவென்று அடிக்கிறது. போன கிழமை பெய்த ஒரு மழைக்கு இடப்பக்கம் கால் வைக்கிற இடத்தில் கம்பளம் ஊறி, மூன்று நாளாகியும் காயவில்லை.

கேட்க நினைப்பது இவை. ரெடிமேட் ஹூட் வெளியிலிருந்து எடுப்பதா, இங்கே குசன் கடையில் ஓட்டோ ஹூட் தைக்கிறவர்களிடம் கொடுத்துத் தைப்பதா? காரில் இருந்தபடியே துணியை மட்டும் மாற்றலாமா, இரும்புச் சட்டத்தையும் கழட்ட வேணுமா? பின்னுக்குக் கண்ணாடி ஜன்னல் உள்ள ஹூட் இதற்குப் பொருந்துமா? வெல்டிங் தவிர மற்ற வேலை ஓரளவு வரும். உதவிக்கு ஒரு ஆள் இருக்கிறார். ஐப்பசி நடுவுக்குள் முடிக்க வேணும்.


கறல்வைத்தியர் எழுதியது:

தம்பி, ஹூட்டுக்குக் காசு அனுப்ப முதல் ஒரு விஷயத்தைக் கவனியுங்க. தையல் விட்டது வலப்பக்கம், கம்பளம் ஊறினது இடப்பக்கம். கிழிஞ்ச இடத்தால வந்த தண்ணி இல்ல அது. இப்பிடியே புது ஹூட்டை மாட்டினாலும் மாரிக்கு உள்ளுக்குக் குளம்தான்.

இந்தக் காரில் ஹூட்டுக்கு மேல விழுற மழை பெரும்பாலும் பின்பக்கமா வழிஞ்சு, துணிக்கும் பொடிக்கும் (காரின்ட இரும்பு உடலுக்கும்) நடுவில இருக்கிற மழைநீர் ரெயிலுக்குள்ள இறங்கும். ரெயில் எண்டது ஒரு பிளாஸ்ரிக் பீலி. அதின்ட இரண்டு நுனியும் சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால இருக்கிற வடிதுளைக்குள்ள நிக்க வேணும். அங்கிருந்து குழாய் வழியா இறங்கி, பின் சில்லுக்குச் சற்று முன்னால வண்டிக்கு அடியில வெளியேறும். அந்தத் துளை அடைச்சால் தண்ணி பொங்கி, சீற்றுக்குப் பின்னால விழுந்து, கம்பளத்துக்கு அடியால முன்னுக்கு ஓடும். அதனாலதான் ஊறின இடமும் ஒழுகின இடமும் வேற வேறயா இருக்கும்.

வேப்பமரத்துக்குக் கீழயா முருங்கைக்குக் கீழயா நிப்பாட்டுறீங்க? முருங்கை இலை இந்தத் துளைக்கு அளவெடுத்துச் செய்த மூடி மாதிரி. வேப்பம்பூ இன்னும் மோசம். கடற்கரைப் பக்கக் குறுமணலோட சேர்ந்து களி மாதிரி இறுகிப்போகும்.

சோதனை லேசு. ஹூட்டைப் பாதி மடிச்சு, ஒரு போத்தலில் அரை லீற்றர் தண்ணியை இடப்பக்கத் துளைக்குள்ள மெல்ல ஊத்துங்க. ஒரு ஆள் கீழ பார்க்கட்டும். ஊத்துற வேகத்துக்கே கீழ விழ வேணும். சொட்டுச் சொட்டா வந்தால் பாதி அடைப்பு. ஒண்டுமே வராட்டி ஊத்துறதை உடனே நிப்பாட்டுங்க, இல்லாட்டி நீங்களே கம்பளத்தை நனைக்கிறீங்க.

துப்புரவாக்க முதல் மேல நிக்கிற குப்பையை விரலாலயும் வக்குயூமாலயும் எடுத்திருங்க. நேரே குத்தினால் எல்லாம் குழாய்க்குள்ள இறங்கி இறுகும். மறுகா புல்வெட்டி மெஷினுக்குப் போடுற நைலோன் நூல் இரண்டு முழம் எடுத்து, நுனியை நெருப்பில காட்டி உருண்டையாக்கி, மெல்லச் சுழட்டி இறக்குங்க. கீழ இருந்து மேலயும் ஒருக்கா விடுங்க. சைக்கிள் பிரேக் கம்பி, ஈர்க்கு, திருப்புளி ஒண்டும் வேண்டாம், குழாய் ஓட்டையாகும். ரயர் கடைக் காற்றும் வேண்டாம். அந்த அழுத்தத்துக்குக் குழாய் உள்ளுக்குக் கழண்டால் பிறகு தண்ணி நேரே சில்லுக்கு முன்னால, கதவுக்குக் கீழ ஓடுற பெட்டிச் சட்டத்துக்குள்ளதான் போகும். இந்தக் கார்கள் கறல் பிடிச்சுச் சாகிறதே அந்த இடத்திலதான். திருப்புளிப் பிடியால அந்த இடத்தைத் தட்டிப் பாருங்க. கணீரெண்டு கேட்டால் நல்லம். சொத்தெண்டு கேட்டால் ஹூட்டுக்கு முதல் வெல்டிங் வேலை இருக்கு.

ரெயிலையும் சேர்த்து வாங்குங்க. 30 வருசத்துக்கு மேல வெயில் குடிச்ச பிளாஸ்ரிக் அது. கழட்டும்போது கையோட வரும். வெடிச்ச ரெயிலை சிலிக்கன் பூசிப் பாவிக்கிற ஆக்கள் இருக்கிறாங்க. ஹூட் ஒவ்வொரு தரம் மடியும்போதும் ரெயிலும் அசையும், சிலிக்கன் உரிஞ்சு வரும். அதை மாத்த எண்டு பிறகு முழு ஹூட்டையும் திரும்பக் கழட்ட வேணும்.


அக்கரையூசி எழுதியது:

அக்கரைப்பற்றுப் பக்கம் குசன் வேலை. தைக்கிற பக்கத்த மட்டும் நான் சொல்றன்.

ஓட்டோ ஹூட்டுக்குப் போடுற ரெக்சின் இதுக்குச் சரிவராது. ஓட்டோவில துணி நேரா இழுபட்டு நிக்கிம், மடியிறதில்ல. உங்கட ஹூட் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்திலதான் மடியும். சாதா ரெக்சின் அந்த மடிப்பில ஒரு வருசத்தில வெடிக்கும். கார் ஹூட்டுக்கெண்டு வாற வைனிலுக்கு உள்ளுக்கு நெய்த துணி ஒட்டி இரிக்கி, அதுதான் இழுவையத் தாங்குது. துணி ஹூட்டெண்டா மூண்டு படை: மேல அக்ரிலிக் நெசவு, நடுவில ரப்பர், உள்ளுக்குப் பருத்தியோ பொலியெஸ்டரோ. தண்ணிய நிப்பாட்டுறது நடு ரப்பர்தான்.

ரெண்டாவது, கம்பனி ஹூட்டில கன பொருத்து சூட்டால உருக்கி ஒட்டினது, ஊசித்துளை இல்ல. நாம தச்சா ஒரு அங்குலத்துக்கு ஆறு துளை. அதால இங்க தைக்கிறெண்டா பொருத்து எந்தப் பக்கம் கவிழுதெண்டு பாக்கணும். கிடுகு வேயிற மாதிரி, மேல் துண்டு கீழ் துண்டுக்கு மேல கிடக்கணும். மாறித் தச்சா தண்ணி பொருத்துக்குள்ள நிண்டு நூலால உள்ள இறங்கும். பொருத்து முழுக்க உள்பக்கமா ஒரு பட்டை ஒட்டி, வெளித்துளைக்குத் தையல் சீலர் பூசணும்.

நூல் பருத்தி வேண்டவே வேண்டாம், ரெண்டு மாரிக்கு உக்கிப்போகும். நைலோன் பலம்தான், ஆனா நம்மட வெயில் அத மெல்ல மெல்லத் தின்னும். வெளி வேலைக்கு வாற பொலியெஸ்டர் நூல், கனம் 70 அல்லது 90 டெக்ஸ். 70க்கு 18ஆம் நம்பர் ஊசி, 90க்கு 20. ஊசி பெருத்தாத் துளை பெருக்கும், சிறுத்தா நூல் நார் விடும். தையல் நீளம் 4 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. நெருக்கித் தைச்சா முத்திரைக்கு ஓட்ட போட்ட மாதிரி, இழுக்க அந்தக் கோட்டாலயே கிழியும்.

பின் ஜன்னல மட்டும் மாத்திறெண்டா நல்லாச் செய்யலாம். சாப்பாட்டு மேசைக்கு விரிக்கிற ஒளிக்கண்ணாடித் தாள் வேண்டாம், அதால பாத்தா பின்னுக்கு வாற பஸ் தண்ணிக்குள்ள வாற மாதிரித் தெரியும். படகுக்குப் போடுற தரத்தில 0.75 மில்லிமீற்றர் தெளிவான தாள் எடுக்கணும். சுருட்டி வச்சதெண்டா ஒரு நாள் வெயிலில தட்டையா விரிச்சு வச்சுட்டு வெட்டணும். தைக்கேக்க மெஷின் காலுக்குக் கீழ கடதாசி வைக்கணும், இல்லாட்டித் தாள் பாதத்தோட ஒட்டி இழுபடும்.

ஆனா தம்பி, முழு ஹூட்டும் இங்க தைக்கச் சொல்லிக் கேட்டா நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். பழைய ஹூட்ட அளவுக்குப் பிரிச்சு வெட்டினா, முப்பது வருசம் சுருங்கின துணியின் அளவுதான் கிடைக்கும். புதுசு குறுகிப்போகும். இந்த மாடலுக்கு வெட்டித் தச்ச ரெடிமேட் எடுங்க.


பத்தாம் நம்பர் எழுதியது:

அக்கரையூசி காக்கா சொன்னதுதான் சரி, ரெடிமேட் எடுக்கவும். மாட்டுகிற வேலையை நான் எழுதுகிறேன். முதல் தரம் செய்கிறவர்களுக்கு இரண்டு பேர், இரண்டு நாள்.

காரில் இருந்தபடியே மாற்றலாம் என்று பலர் சொல்வார்கள். ஏலும்தான். ஆனால் இரண்டு பக்கத்திலும் பெயின்டுக்கு மேலே குனிந்து ட்ரில் பிடிக்க வேண்டும். சட்டம் பக்கத்துக்கு மூன்று போல்ட்டில்தான் நிற்கிறது. கழட்டி மேசையில் வைத்தால் பாதி வேலை குறையும்.

தேவையானவை: 10 மில்லிமீற்றர் நீள சொக்கற் (ஹூட்டின் பின் விளிம்பைப் பிடிக்கிற ஸ்ரட்டுகள், அதாவது பொடியில் நிற்கிற மரைக் கம்பிகள், நீளம்; கட்டைச் சொக்கற் நட்டைத் தொடாது), ரிவெட் கன், ட்ரில், அகலத் தலை ரிவெட், தோல்காரர் பாவிக்கிற துளைப் பஞ்ச், கொண்டாக்ட் கம், இரண்டு அங்குலத் தூரிகை, பத்துப் பன்னிரண்டு துணி உலர்த்துகிற கிளிப், வெள்ளைச் சோக், பழைய படுக்கை விரிப்பு இரண்டு. திருப்புளி விஷயத்தில் கவனம். இவை ஜப்பான் ஸ்குறூ. பார்வைக்குப் பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் சாதாரண பிலிப்ஸ் திருப்புளி ஏறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜப்பான் அளவுத் திருப்புளி எடுத்து, தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சுழற்றுங்கள்.

முதல் நாள் பின்னேரமே எல்லா நட்டுக்கும் கறல் இளக்குகிற ஸ்பிரே அடித்துவிடுங்கள். கடற்காற்றுக் காரில் அதை விட்டுவிட்டுச் சொக்கற் போட்டால் ஸ்ரட் முறியும். முறிந்தால் அதற்கு 6 மில்லிமீற்றர் போல்ட் பின்னாலிருந்து வைக்க வேண்டிவரும். சின்ன வேலையாகத் தெரியும், அரை நாள் போகும்.

எதையும் கழட்டுவதற்கு முன் மூன்று இடத்தில் நடுவைச் சோக்கால் குறியுங்கள்: முன்கண்ணாடிக்கு மேல் வரும் முன் சட்டம், நடு வளைவு, பின்னால் ஸ்ரட் வரிசை. படமும் எடுங்கள், குறிப்பாக இரண்டு மூலையும் ரப்பரும் சேருகிற இடம். வேலை முடியும்வரை பழைய ஹூட்டை எறிய வேண்டாம். எந்தத் துளைக்கு எது என்று அதைப் பார்த்துத்தான் தெரியும்.

பின் ஜன்னல் சிப்பைத் திறந்து படுக்க வையுங்கள். சீற்றுக்குப் பின் தட்டுக் கம்பளத்தை எடுங்கள். பிளாஸ்ரிக் கிளிப் உடையும், பத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட் தூணின் மூடியையும் கழட்டுங்கள். இப்போது வடிதுளை இரண்டிலும் பழைய துணியை அடையுங்கள். ஒரு நட் விழுந்தால் பிறகு எடுக்க ஏலாது. அந்தத் துணியில் சிவப்பு நூல் கட்டி வெளியே தொங்கவிடுங்கள். வேலை முடிந்ததும் துணியை உள்ளுக்கே மறந்துவிட்டு, "புது ஹூட்டும் ஒழுகுது" என்று வருகிற கேள்வி ஒன்றிரண்டு அல்ல.

பின் விளிம்பை மூன்று இரும்புப் பட்டை அழுத்திப் பிடித்திருக்கும், நடுவில் ஒன்று, பக்கங்களில் ஒவ்வொன்று. நட்டுகளை எடுத்துப் பட்டையை உருவுங்கள். வளைக்காமல் எடுக்க வேண்டும். வளைந்த பட்டை துணியை ஒரே சீராக அழுத்தாது, அந்த வளைவிலேயே ஒழுகும். மறுகா பக்கத்துக்கு மூன்று போல்ட், ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சட்டத்தோடு தூக்குங்கள். பின் பொடி மேலே விரிப்பு கிடக்கட்டும்.

மேசையில் முதல் வேலை ரப்பர் பீடிங். அவை இரும்புப் பிடிப்பானுக்குள் இருக்கும், பிடிப்பான் ஸ்குறூவில் நிற்கும். பிடிப்பானின் துளைகள் நீள்வட்டம், அதாவது கண்ணாடிக்கு ஏற்ற மாதிரி முன்பின் தள்ளலாம். பழைய இடத்தைச் சோக்கால் வரைந்துவிட்டுக் கழட்டுங்கள். ரப்பர் கிழியாவிட்டால் அதையே பாவிக்கலாம். புது ரப்பர் முழுச் செற் ஹூட்டையே விடக் கூடுதலாகப் போகும்.

பழைய ரிவெட்டுகளை அதன் உடல் அளவு ட்ரில்லால் தலையை மட்டும் எடுங்கள். சட்டத்தின் துளையைப் பெரிதாக்கினால் புது ரிவெட் ஆடும். பழைய கம் பாளம் பாளமாக இருக்கும், சூட்டுக் கன்னால் இளக்கிச் சுரண்டுங்கள். மிச்சத்தைத் தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள். தின்னர் புது ஜன்னலில் ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த இடம் வெளிறும். அதனால் புது ஹூட்டை அந்த வேலை முடியும்வரை பெட்டியை விட்டு எடுக்க வேண்டாம். சட்டத்தில் கறல் இருந்தால் இப்போதே தேய்த்துப் பிரைமர், கறுப்புப் பெயின்ட். துணி போட்ட பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

புது ஹூட் வந்ததும் மடிப்பு நீங்க வெயிலில் அரை மணித்தியாலம் விரித்து வையுங்கள். அதற்கு மேல் தேவையில்லை, குளிர் நாட்டுக்காரருக்குத்தான் ஹீட்டர் எல்லாம் வேண்டும்.

மாட்டுகிற ஒழுங்கு இது. முதலில் நடு வளைவில் துணியின் உள்பட்டையைச் சோக்குக் குறிக்கு நேராக வைத்து ஸ்குறூ. அடுத்து பக்கக் கேபிள். உங்கள் கார் படபடவென்று அடிப்பதற்குக் காரணம் இதுதான். பக்கக் கண்ணாடிக்கு மேல் துணி விளிம்பில் ஒரு மெல்லிய கம்பிக் கேபிள் உறைக்குள் ஓடும், நுனியில் சின்ன ஸ்பிரிங். அறுந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ விளிம்பு தொய்ந்து காற்றுக்கு அடிக்கும், மழைக்குக் கண்ணாடி விளிம்பால் உள்ளே வடியும். புது ஹூட்டுக்குப் பழைய கேபிள் போடுவது வீண் மிச்சம் பிடிப்பு. புதுசை மெல்லிய கட்டுக்கம்பியில் கட்டி உறைக்குள் உருவுங்கள். அதற்குப் பிறகு, பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் வரும் மடல்களைச் சட்டத்தில் ஒட்டி ரிவெட்.

கம் பற்றி ஒரு சொல். இரண்டு முகத்திலும் மெல்லிசாகப் பூசி, விரலை வைத்தால் ஒட்டாமல் வருகிற வரை விட்டு, பிறகுதான் அழுத்த வேண்டும். நல்ல வெயிலில் மேல் தோல் உடனே காய்ந்து, உள்ளே ஈரமாக நிற்கும். ஒட்டின மாதிரி இருக்கும், ஒரு கிழமையில் உரியும். அதனால் காலை பத்துக்கு முதல், அல்லது பின்னேரம் நான்குக்குப் பிறகு, நிழலில். மழை இறங்கிய நாட்களில் எதிர்ப் பிரச்சினை. காற்றின் ஈரம் கம்மின் மேல் பனிபோலப் படியும், பிடிக்காது. நீங்கள் ஐப்பசி நடுவுக்குள் முடிக்க நினைப்பது நல்லது, இதற்காகவே. கம் வாங்கும்போது வெப்பம் தாங்குவதாகக் கேளுங்கள். கறுப்பு ஹூட் உச்சி வெயிலில் கை வைக்க ஏலாத சூடு ஏறும், சாதாரண கம் இளகி முன்விளிம்பு நழுவும்.

இனிச் சட்டத்தைக் காரில் ஏற்றிப் போல்ட் போடுங்கள். பின்னால் ஸ்ரட்டில் ஏறும் ஒழுங்கு: பொடிப் பக்கமாக முதல் ரெயில், அதற்கு மேல் துணியின் அடிவிளிம்பு, கடைசியில் இரும்புப் பட்டை. ரெயில் நுனி இரண்டும் வடிதுளைக்குள் இறங்கியதைக் கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாது. துணியில் துளை அடிக்காமல் வந்திருந்தால் நடு ஸ்ரட்டில் தொடங்கி, ஒன்று இடம், ஒன்று வலம் என்று போங்கள். ஒரே தரத்தில் எல்லாத் துளையும் அடித்தால் கடைசி மூன்று பொருந்தாது. பஞ்ச் 6 மில்லிமீற்றர். கத்தியால் கீறினால் கீறல் ஓடும். நட்டுகளைக் கையால் மட்டும் பூட்டுங்கள், இப்போது இறுக்க வேண்டாம்.

முன்பக்கம்தான் பொறுமை வேண்டிய இடம். ஹூட்டை முன்கண்ணாடிச் சட்டத்தில் பூட்டுகிற இரண்டு கொளுவியின் சரிப்படுத்தும் திருகையும் ஒரே எண்ணிக்கையில் தளர்த்துங்கள், எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். துணியை முன் சட்டத்தில் கிளிப்பால் மட்டும் பிடித்து, கொளுவியைப் பூட்டிப் பாருங்கள். பக்கத் தையல் இரண்டும் கண்ணாடிக்கு மேல் ஒரே கோட்டில் வர வேண்டும், நடுக்குறி நடுவில் நிற்க வேண்டும், நடு வளைவுக்கு மேல் சுருக்கம் விழக் கூடாது. சரியானால் சட்ட விளிம்பு துணியில் படும் இடத்தைச் சோக்கால் கோடு இழுத்து, கொளுவியைத் திறந்து, கோட்டை 5, 6 மில்லிமீற்றர் முன்னுக்கு இழுத்து ஒட்டுங்கள். நடுவிலிருந்து மூலைக்கு. அதற்கு மேல் இழுத்தால் பூட்ட ஏலாது. குறைத்தால் ஓடும்போது கூரை பலூன் மாதிரி ஊதும். ஒட்டியதும் பிடிப்பான் பட்டை, முன் ரப்பர், ஸ்குறூ. மிஞ்சிய துணியை அன்றே வெட்ட வேண்டாம். ஒரு கிழமை போகட்டும்.

கொளுவி பூட்டிய நிலையில்தான் பின் நட்டுகளை இறுக்க வேண்டும், நடுவிலிருந்து வெளியே. பிறகு நான்கைந்து நாள் திறக்கவே கூடாது. துணி அந்த இடைவெளியில்தான் தன் உருவத்துக்கு வரும். அதற்குப் பிறகு கொளுவித் திருகைப் பழைய எண்ணிக்கைக்கு மெல்ல மெல்லக் கொண்டுவாருங்கள்.

தண்ணீர்ச் சோதனைக்குக் குழாயைப் பாய்ச்ச வேண்டாம், அந்த வேகத்துக்கு எந்த ஹூட்டும் தோற்கும். பூவாளியால் முதல் பின்பக்கம், பிறகு பக்கம், கடைசியில் முன்பக்கம். கீழிருந்து மேலே போனால்தான் எந்தப் பொருத்து ஒழுகுகிறது என்று பிரித்துத் தெரியும். ரப்பரில் சந்தேகம் என்றால் கடதாசித் துண்டை வைத்துக் கதவைப் பூட்டி இழுங்கள். லேசாக உருவி வந்தால் அந்த இடத்தில் பிடிப்பானைத் தள்ள வேண்டும்.

ஆ, சிவப்பு நூல். எடுத்தாச்சா?


வெயில்முகம் எழுதியது:

கண்ணாடி ஜன்னல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பொருந்தும். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு வரும்போதே கண்ணாடி, அந்த ஹூட்டும் சட்டமும் முதல் தலைமுறைக் காரில் ஏறும். ரெடிமேட்டிலும் முதல் தலைமுறைச் சட்டத்துக்கே கண்ணாடி வைத்துத் தைத்தவை உண்டு. அப்படியானதற்குச் சிப் இல்லை, ஜன்னலைப் படுக்க வைக்கிற வேலையும் இல்லை, நேரே மடிக்கலாம். பிளாஸ்ரிக்கைப் போல மஞ்சளடிக்காது. நம்ம வெயிலுக்கு அதுதான். கண்ணாடியில் சூடாக்கி வயர் இருந்தால் நுனியை ரேப் சுற்றி விடுங்கள், மட்டக்களப்பில் அதைப் போட ஒரு காலைப்பொழுதும் வராது.

வைனிலா துணியா என்றால் நான் துணிப் பக்கம் இல்லை. பார்க்க வடிவுதான், சத்தமும் குறைவு. ஆனால் மார்கழியில் பத்து நாள் விடாமல் பெய்தால் உள் பருத்தி ஈரம் பிடித்துக் கரும்புள்ளி விழும், அது போகவே போகாது. ஈரத்தோடு மடித்தால் இரண்டே நாள். கச்சான் காற்றுக் காலத்தில் மணல் நெசவுக்குள் ஏறி அரைக்கும். வைனிலைச் சவர்க்காரத் தண்ணியால் கழுவிவிட்டால் முடிந்தது.


அக்கரையூசி எழுதியது:

வெயில்முகம் சொல்றதில பாதிக்கு நான் ஒத்துக்கிறன். கரும்புள்ளி உள்ளதுதான், பருத்தி உள்பக்கத்துக்கு. பொலியெஸ்டர் உள்பக்கமுள்ள துணியெண்டா அவ்வளவு வராது. வைனில் வெயிலுக்கு எண்ணெ விட்டுச் சுருங்கி, ஆறேழு வருசத்தில மடிப்பில வெள்ளக் கோடு விழும். போர்ட்டிகோவுக்குள்ள நிப்பாட்டுற காருக்குத் துணி, வெளியில நிக்கிற காருக்கு வைனில். அவ்வளவுதான் கணக்கு.

எதப் போட்டாலும் ரயர் கருப்பாக்கிற பொலிஷ் பூசாதீங்க. மினுங்கும், ஆனா தையல் சீலர உரிச்சிப் போடும். மண்ணெண்ணெயால துடைக்கிற ஆக்களுக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல.


கல்லடிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வடிதுளை விஷயம் சரி. இடப்பக்கத்தில் அரை லீற்றர் ஊற்ற, கீழே ஒரு சொட்டும் வரவில்லை. நைலோன் நூலால் எடுத்தபோது முருங்கைக் காம்பும் மணலும் ஒரு விரல் நீளத்துக்கு வந்தது. வலப்பக்கம் ஓடுகிறது.

கண்ணாடி வைத்த வைனில் ஹூட், ரெயில், கேபிள் எல்லாம் வந்து, மேசை வேலையும் முடிந்து, சட்டம் காரில் ஏறிவிட்டது. இப்போது சிக்கல்: பின்னால் பட்டை போட்டாச்சு, முன்பக்கம் கிளிப்பில்தான் இருக்கிறது. கொளுவி முன்கண்ணாடிச் சட்டத்தை எட்ட இன்னும் 20 மில்லிமீற்றர் குறைகிறது. இடப்பக்கம் கொஞ்சம் கூடவே குறைகிறது. ஹூட் அளவு பிழையா? திருப்பி அனுப்புவதா?


பத்தாம் நம்பர் எழுதியது:

அனுப்ப வேண்டாம். பின் நட்டுகளை இறுக்கிவிட்டீர்கள் போல. எல்லாவற்றையும் நான்கு சுற்றுத் தளர்த்துங்கள், கழட்ட வேண்டாம். துணி ஸ்ரட்டில் கொஞ்சம் முன்னுக்கு வரும், அதிலேயே பாதி கிடைக்கும்.

இடப்பக்கம் கூடக் குறைகிறது என்றால் அந்தப் பக்கத்தில் எதுவோ பிடிக்கிறது. மூன்று இடம் பாருங்கள். கேபிள் உறைக்கு வெளியே வந்து சட்டத்தின் மூட்டில் நசிபட்டிருக்கலாம். மடல் சட்டத்துக்கும் சீட் பெல்ட் தூணுக்கும் நடுவில் சிக்கியிருக்கலாம். அல்லது நடு வளைவின் உள்பட்டை குறியிலிருந்து வலப்பக்கம் போயிருக்கலாம். அந்த ஸ்குறூவைத் தளர்த்தி நடுக்குறியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டு பக்கக் கண்ணாடியையும் முழுதாக இறக்கிவிட்டு, காரை ஒரு மணித்தியாலம் வெயிலில் விடுங்கள், கிளிப்போடு. பிறகு ஒரு ஆள் வெளியிலிருந்து முன் சட்டத்தை இரண்டு கையாலும் முன்னுக்கும் கீழுக்கும் அழுத்த, நீங்கள் உள்ளிருந்து கொளுவியைப் பூட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில். ஒன்றைப் பூட்டிவிட்டு மற்றதை இழுத்தால் சட்டம் முறுகும்.


கறல்வைத்தியர் எழுதியது:

கொளுவித் திருகைத் தளர்த்தினீங்களா தம்பி? அதை எழுதவே இல்ல.


கல்லடிக்காரன் எழுதியது:

தளர்த்தவில்லை அண்ணே. இப்போது இரண்டு பக்கமும் ஆறு சுற்று விட்டேன். இடப்பக்கம் மடல்தான் தூணுக்குப் பின்னால் சிக்கியிருந்தது. பின் நட்டையும் இளக்கி, பதினொரு மணி வெயிலில் வைத்து, மச்சான் மேலிருந்து அழுத்தப் பூட்டிவிட்டது. நடு வளைவில் சின்னச் சுருக்கம் ஒன்று இருக்கிறது. முன்பக்கம் இன்னும் ஒட்டவில்லை, நாலு மணிக்குப் பிறகு.


பத்தாம் நம்பர் எழுதியது:

அந்தச் சுருக்கம் இரண்டு நாள் வெயிலில் போகும், அதற்காக முன்னால் கூட இழுக்க வேண்டாம். கோடு கீறிவிட்டு ஒட்டுங்கள். ஒட்டின கையோடு வடிதுளைத் துணி இரண்டையும் எடுங்கள்.


கல்லடிக்காரன் எழுதியது:

ஒன்று எடுத்தாச்சு. மற்றதின் நூல் பட்டைக்குக் கீழே போய்விட்டது, மூன்று நட் திரும்பக் கழட்டுகிறேன்.